ஊரறிந்த ரகசியம்: கர்ணன் கூத்தில் குந்தி வாய் திறக்கும் நேரம்

சேலம் மாவட்டம் ஜலகண்டாபுரம் பக்கம் ஒரு கோயில் பண்டிகைக்குக் கர்ண மோட்சம் கூத்து வைக்கிறார்கள் என்றால், பாய் விரித்து உட்காருகிற யாருக்கும் கர்ணன் குந்தி பெற்ற பிள்ளை என்பது புதுச்சேதி அல்ல. பாட்டி சொல்லித் தெரியும், டிவித் தொடரில் பார்த்துத் தெரியும். இதே செட்டு (கூத்துக் குழு) போன வருஷம் ஆடியதை யூடியூபில் பார்த்துவிட்டு வந்தவர்களும் முன்வரிசையில் இருப்பார்கள். ஆனாலும் 'நீ என் மகன்' என்று குந்தி சொல்லும் இடத்தில் களரி என்னும் ஆட்டக்களம் அடங்கிப்போகிறது. பீடி பற்றவைக்கப் போனவர் திரும்பி வந்து நிற்கிறார். நல்ல செட்டு ஆடினால் இப்படி. சுமாரான செட்டு ஆடினால் சரியாக அதே இடத்தில்தான் ஜனம் டீக்கடைக்கு எழுந்துபோகிறது.

எல்லாருக்கும் தெரிந்துவிட்டதே என்ற பயத்தில் சிலர் ரகசியத்தை மறைக்கப் பார்க்கிறார்கள். குறிப்பாகக் கூத்துக் கதையை எடுத்து நாடகமாக்கும் கல்லூரிக் குழுக்கள். பிறப்புக் கதையை வெட்டிவிடுவது, தாளமின்றிப் பாடும் விருத்தத்தில் 'சூரிய புத்திரன்' என்று வரும் இடத்தை மாற்றுவது, குந்தியை முக்காடு போட்டுக் கொண்டுவந்து கடைசியில் முகத்தைக் காட்டுவது. முக்காட்டைப் பார்த்ததுமே 'குந்திதான் வருது' என்று பின்வரிசையில் ஒருவர் சத்தமாகச் சொல்லிவிடுவார். அதோடு அந்தக் காட்சி சிரிப்பில் முடியும். எதிர்ப்பக்கத்துப் பிழையும் உண்டு: தெரிந்ததுதானே என்று மூன்று வரி வசனத்தில் கடந்துபோய், நேரே சண்டைக்குத் தாவுவது. இரண்டுமே ரகசியம் பார்வையாளரிடம் இருப்பதாக நினைத்துக்கொள்வதால் வரும் கோளாறு. ரகசியம் இருப்பது பாத்திரங்களிடம். எந்தப் பாத்திரத்துக்கு எப்போது தெரிகிறது, தெரிந்தபின் அது என்ன செய்கிறது, தெரியாதவர் முன்னால் தெரிந்தவர் எப்படி நிற்கிறார் என்பதைக் காப்பாற்றினால் போதும். ஜனத்துக்கு முன்னமே தெரிந்திருப்பது அப்போது பலமாகிவிடும்.

வியாச பாரதமே இப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. துர்வாசர் தந்த மந்திரம், சூரியன், கவச குண்டலத்தோடு பிறந்த குழந்தை, அதை ஆற்றில் விட்டது எல்லாம் ஆதி பருவத்திலேயே வந்துவிடுகிறது. இளவரசர்கள் வித்தை காட்டும் அரங்கில் கர்ணன் நுழைந்து அர்ச்சுனனை எதிர்த்து நிற்கும்போது குந்தி மயங்கி விழுகிறாள். விதுரன் சந்தனநீர் தெளித்து எழுப்ப ஏற்பாடு செய்கிறான். கூட்டத்தில் இருக்கும் ஆயிரம் பேருக்குப் புரியாதது கதை கேட்பவருக்குப் புரிகிறது. உத்தியோக பருவத்தில் இன்னும் துணிச்சலான ஒரு காரியம் நடக்கிறது. குந்தி போய்ச் சொல்வதற்கு முன்பே கிருஷ்ணன் கர்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். ஆக, கங்கைக் கரையில் குந்தி வந்து நிற்கும்போது ஜனத்துக்கும் தெரியும், கர்ணனுக்கும் தெரியும். ஆனாலும் அவன் அவளை வணங்கி, தன்னை வளர்த்த தேரோட்டித் தம்பதியின் பேரைச் சொல்லி, ராதையின் மகன், அதிரதன் மகன் கர்ணன் வணங்குகிறேன், எதற்காக வந்தீர்கள் என்று கேட்கிறான். நீ குந்தியின் மகன், ராதையின் மகன் அல்ல என்று அவள் பதில் சொல்கிறாள். தெரிந்துகொண்டே அவன் அப்படித் தன்னைச் சொல்லிக்கொண்டான் என்பதில்தான் காட்சியின் பாரம் முழுவதும் இருக்கிறது. அவன் அங்கே எதையும் புதிதாகத் தெரிந்துகொள்ளவில்லை. பெற்றவள் வாயால் அது வருமா என்று பார்க்கிறான்.

அந்தக் காட்சியில் இன்னொரு நுணுக்கம் கூத்தாடுகிறவர்களுக்கு நேரடியாகவே உதவும். குந்தி வரும்போது கர்ணன் கிழக்கு நோக்கிக் கைகளை உயர்த்திச் சூரியனைத் தொழுதுகொண்டிருக்கிறான். அவள் அவன் பின்னால், அவன் மேலாடையின் நிழலில், காத்து நிற்கிறாள். வெயில் ஏறி முதுகு சுடும்வரை தொழுதுவிட்டுத்தான் அவன் திரும்புகிறான். இதை அப்படியே களரியில் வைக்கலாம். கர்ணன் ஜனத்தைப் பார்த்து நிற்க வேண்டும், குந்தி அவனுக்குப் பின்னால் இரண்டடி தள்ளி. இருவர் முகமும் ஜனத்துக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. குந்தி கையை நீட்டுவதும் பின்னிழுப்பதும் ஊர் முழுக்கப் பார்க்கும், கர்ணன் மட்டும் பார்க்க மாட்டான். இரண்டு விருத்த நேரம் இப்படி நிறுத்தினால் போதும். அதற்குமேல் இழுத்தால் குந்தி வேஷக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் சேலைத் தலைப்பைத் திருக ஆரம்பித்துவிடுவார்.

மைக் இங்கே தொந்தரவு தரும். ஒற்றை ஸ்டாண்டு மைக் வைத்திருக்கும் களரிகளில் இருவரும் அதை நோக்கி நகர்ந்து, தோளோடு தோள் நின்று பேசுவார்கள். முன்பின் நிலை குலைந்துவிடும். மேலிருந்து தொங்கும் மைக் இரண்டை, ஒன்று முன்னால், ஒன்று பின்னாலிருக்கும் பெஞ்சுக்கு நேர் மேலே என்று கட்டச் சொல்லவேண்டும். சவுண்டு சர்வீஸ்காரரிடம் சாயங்காலமே சொல்லாவிட்டால் நடக்காது.

ஒத்திகைக்கு முன்னால் யாருக்கு எப்போது தெரியும் என்ற கணக்கைக் கூத்துப் பழக்கும் வாத்தியார் ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது. குந்திக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். கிருஷ்ணனுக்குத் தெரியும். அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மருக்கும் தெரிந்திருக்கிறது, கர்ணனிடமே சொல்கிறார். கர்ணனுக்குப் போருக்குச் சற்று முன். தருமனுக்கும் தம்பிகளுக்கும் கர்ணன் செத்தபிறகுதான். துரியோதனன் வியாசரில் அறியாமலே சாகிறான். சல்லியனுக்கும் தெரியாது, அதனால்தான் 17-ஆம் நாள் போரில் கர்ணனுக்குத் தேரோட்டிக்கொண்டே 'சூதன் மகனே' என்று அவனால் குத்த முடிகிறது. கர்ணன் அறிந்தபிறகு வரும் ஒவ்வொரு 'தேரோட்டி மகன்' வசையும் முன்பு வந்ததைவிட இரண்டு மடங்கு உறைக்க வேண்டும். வசனம் மாறவில்லை, கேட்கிறவன்தான் மாறியிருக்கிறான். எனவே அந்த வசையின்போது ஜனம் பார்க்கவேண்டியது கர்ணன் முகத்தை. சல்லியன் வேஷக்காரர் முன்னால் வந்து மறைத்துக்கொண்டு நின்றால் அது வெறும் வாய்ச்சண்டை.

இதில் 'சூரிய புத்திரன்' என்ற பட்டத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். திரைக்குப் பின்னாலிருந்து களரிக்கு வரும் திரைப் பிரவேசத்தில் வேஷக்காரர் தன்னைத் தானே படர்க்கையில் பாடி அறிமுகம் செய்துகொள்வது கூத்தின் வழக்கம். அது ஊருக்குச் சொல்வது. உடனிருக்கும் பாத்திரங்கள் காதில் விழாது என்பது எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒப்பந்தம். பாட்டில் வந்தால் பரவாயில்லை. வசனத்தில், இன்னொரு பாத்திரத்தைப் பார்த்துச் சொல்லும்போது வந்துவிட்டால்தான் கெட்டது.

உண்மையில் தமிழ்க் கூத்து இந்த முடிச்சை வைத்துச் செய்திருக்கும் பெரிய வேலை குந்தி காட்சியில் இல்லை, கர்ணன் மனைவி பொன்னுருவி காட்சியில் இருக்கிறது. வியாசரில் இது கிடையாது. பொன்னருவி மசக்கை போன்ற கதைப்பாடல்களும் கூத்தும் வளர்த்தது. பொன்னுருவி அரசகுலத்துப் பெண். போயும் போயும் தேரோட்டி மகனுக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று கணவனை ஒதுக்கி வைத்திருப்பவள். 17-ஆம் நாள் போருக்குப் புறப்படும் கர்ணன் அவளிடம் விடைபெற வருகிறான். அவள் முகம் கொடுக்க மறுக்கிறாள். கடைசியில் அவன் தன் பிறப்பைச் சொல்கிறான். செட்டுக்குச் செட்டு விவரங்கள் மாறும். இந்த எலும்புக்கூடு மாறாது.

காட்சியின் வலிமை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கர்ணனுக்குத் தெரியும், நமக்குத் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. அவள் பேசப் பேச, 'ஐயோ, சொல்லித் தொலையேன்யா' என்று ஜனம் தவிக்கிறது. அந்தத் தவிப்பு வேண்டுமென்றால் பொன்னுருவியின் இகழ்ச்சியைக் குறைக்கவே கூடாது. நல்ல பெண்ணாகக் காட்ட வேண்டும் என்று அவள் வசனத்தைப் பூசி மெழுகுகிறவர்கள் காட்சியின் காலை உடைக்கிறார்கள். விடிய விடிய ஆடும் கூத்தில் இகழ்ச்சிக்கு மட்டும் இருபது நிமிஷம் கொடுக்கலாம். கர்ணன் இரண்டு முறை சொல்ல வாயெடுத்து மழுப்ப வேண்டும். ஒருமுறை அவள் குறுக்கே பேசுவதால், இன்னொரு முறை அவனாகவே. மூன்றாம் முறை சொல்வது சுருக்கமாக, இரண்டு நிமிஷத்துக்குள், பாட்டு இல்லாமல், வசனமாக. பிறகு அவள் பாட்டு.

சொன்னதற்கும் அவள் பாட்டு எடுப்பதற்கும் நடுவில் ஒரு இடைவெளி வேண்டும். ஆதி தாளத்தில் இரண்டு ஆவர்த்தனம், பதினாறு எண்ணிக்கை. மிருதங்கக்காரர் கையை எடுத்துவிட வேண்டும், ஆர்மோனியத்தில் சுருதி மட்டும் ஓடலாம். நடுராத்திரிக்கு மேல் வெட்டவெளியில் பதினாறு எண்ணிக்கை மௌனம் மிக நீளமாகத் தெரியும். பின்பாட்டுக்காரர் பயந்து போய் ஐந்திலேயே எடுத்துவிடுவார். எண்ணிப் பழக்க வேண்டியது இதைத்தான். முகவீணை என்ற சிறு ஊதுகுழல் இருக்கும் செட்டாக இருந்தால், அதைக் காட்சி ஆரம்பத்திலிருந்தே ஊதாமல் வைத்திருந்து, அவள் முதல் அடி எடுக்கும்போது சேர்க்கலாம். முன்னமே ஊதிவிட்டால் ஒப்பாரிச் சாயல் வந்து, நடக்கப்போவதைக் கருவி சொல்லிவிடும்.

பெண் வேஷம் கட்டுகிறவர்கள் வழுக்குவது பெரும்பாலும் ஓரிடத்தில். கதை தெரிந்த நடிகர், கதை தெரியாத பொன்னுருவிக்கு முன்னாலேயே அழுதுவிடுகிறார். திட்டும்போதே குரல் தழுதழுக்கிறது, கர்ணன் வாய் திறக்குமுன் முகம் இளகிவிடுகிறது. இதற்கு மருந்து, அவளுக்குக் கையில் ஒரு வேலை கொடுப்பது. தலை வாருவது, வெற்றிலை மடிப்பது, பூக் கட்டுவது, எதுவானாலும் சரி. அவன் பேசும்போது அவள் கண் அந்த வேலையில் இருக்க வேண்டும். விஷயம் காதில் விழுந்தபின் கை நிற்கட்டும். முகம் பிறகு திரும்பட்டும்.

இந்தக் காட்சிக்குள் இன்னொரு முள்ளும் இருக்கிறது. வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய வில்லிபாரதத்தில், தான் சாகும்வரை தம்பிகளுக்கு இதைச் சொல்லக்கூடாது என்று குந்தியிடம் கேட்டுக்கொள்பவன் கர்ணனே. வியாசரில் கிருஷ்ணனிடம் கேட்டுக்கொள்கிறான், காரணமும் சொல்கிறான்: தருமனுக்குத் தெரிந்தால் ராஜ்யத்தை என்னிடம் தந்துவிடுவான், நான் அதைத் துரியோதனனிடம் கொடுத்துவிடுவேன். அப்படிப் பூட்டி வைத்தவன் மனைவியிடம் தானே திறக்கிறான். எவ்வளவு பெரிய விஷயத்தை உடைக்கிறான் என்பது ஜனத்துக்கு உறைக்க, பூட்டிய இடத்தை முன்னால் நன்றாகக் காட்டியிருக்க வேண்டும். கிருஷ்ணன் தூது ஒரு ராத்திரி, கர்ண மோட்சம் இன்னொரு ராத்திரி என்று பாரதம் வைக்கும் ஊர்களில் இது தானாக நடக்கும். ஒரே ராத்திரி என்றால் கோமாளியை வைத்து ஒரு முன்கதை விருத்தத்தில் சேர்த்துவிட வேண்டும்.

கோமாளியைப் பற்றி. வடக்கே கட்டியக்காரன் என்பவரைத்தான் சேலத்துப் பக்கம் கோமாளி என்கிறோம். ஜனத்துக்குத் தெரிந்ததை மேடையில் சொல்ல உரிமை உள்ள ஒரே ஆள் அவர். 'ஊருக்கே தெரியும், இந்தம்மாவுக்குத்தான் தெரியல' என்று அவர் ஒரு போடு போட்டால் களரி வெடித்துச் சிரிக்கும். அது நல்லதுதான், தெரிந்துவைத்திருக்கும் இறுக்கம் கொஞ்சம் இறங்கும். ஆனால் இது காட்சிக்கு முன்னால் மட்டும். கர்ணன் சொல்ல ஆரம்பித்ததும் கோமாளி வாத்தியப் பெட்டி பக்கம் உட்கார்ந்துவிட வேண்டும். சொன்னபின் வரும் ஒரு சிரிப்பு அதுவரை கட்டியதையெல்லாம் கரைத்துவிடும், பிறகு எந்த ஒப்பாரியும் ஏறாது.

அன்பளிப்பு அறிவிப்பு இன்னும் மோசம். உள்ளூர்ப் பெரியவர் 101 ரூபாய் கொடுத்தார் என்று நடுவில் மைக்கில் சொன்னால்தான் கொடுத்தவருக்கு மரியாதை. இதை நிறுத்த முடியாது, தள்ளிவைக்க முடியும். குந்தி பிரவேசத்துக்கு முன் ஒரு கொத்து, பொன்னுருவி பாட்டு முடிந்தபின் ஒரு கொத்து என்று விழாக்குழுவிடம் மாலையிலேயே பேசிவிடுகிற செட்டுகளுக்குக் காட்சி தப்பிக்கிறது.

இனி 'அம்மா' என்ற சொல். நம் பேச்சில் எந்தப் பெண்ணையும் அம்மா என்போம், தாயே என்போம்; பெரியவள் எந்தப் பையனையும் மகனே என்பாள், கண்ணு என்பாள். குந்தி வந்ததும் மரியாதைக்காக 'யாரம்மா, என்ன வேண்டும் தாயே' என்று கர்ணன் வழக்கமாகப் பேசிவிட்டால், பிற்பாடு மகனாக 'அம்மா' என்னும்போது அதற்கு மிச்சம் எதுவும் இருக்காது. எனவே முன்பாதியில் 'தேவி', 'பாண்டவர் தாயே', 'ராஜமாதா' என்று கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும். குந்தியும் 'கர்ண மகாராஜனே' என்பதோடு நிற்க வேண்டும். இட்டுக்கட்டி வசனம் பேசுவதே கூத்தின் உயிர் என்பதால் எழுதிக்கொடுத்து இதைச் செய்ய முடியாது. இன்ன சொல் இன்ன இடம்வரை வராது என்று இருவரும் ஒப்புக்கொண்டால் போதும். இலக்கிய வசனத்தில் பேசிக்கொண்டிருந்த குந்தி, சொல்லி முடித்ததும் ஒரே ஒரு முறை நம் ஊர்ப் பேச்சில் 'எஞ்சாமி' என்று இறங்குவது உண்டு. ஒரு முறைதான். இரண்டாவது முறை அது உத்தியாகிவிடும்.

அடையாளப் பொருள் பற்றியும் சொல்ல வேண்டும். பிறப்பை நிரூபிக்கக் கர்ணனிடம் இருந்தது கவச குண்டலம். அதை இந்திரன் யாசித்து வாங்கிப்போய்விட்டான். குந்தி வரும்போது காட்டுவதற்கு எதுவும் மிச்சமில்லை. வில்லிபுத்தூரார் இந்த ஓட்டையை அடைக்கத்தான் ஆடைச் சோதனையை வைக்கிறார்: தாய் என்று பொய் சொல்லி வந்தவர்களை எரித்த ஆடை குந்தியை ஒன்றும் செய்வதில்லை, அவள் மார்பில் பால் சுரக்கிறது. களரியில் இதற்கு ஒரு சிவப்புச் சேலை போதும். ஆனால் வேறு யாரும் அந்தச் சேலையை அன்று ராத்திரி உடுத்தியிருக்கக் கூடாது. அதையே திரௌபதி வேஷத்துக்கும் சுற்றிவிட்டு இங்கே கொண்டுவந்தால் ஜனம் உடனே கவனிக்கும்.

இதைவிட நுட்பமான அடையாளம் ஒன்று சாந்தி பருவத்தில் கிடக்கிறது, அதைக் கூத்தில் பயன்படுத்துவோர் குறைவு. எல்லாம் முடிந்தபின் தருமன் புலம்புகிறான்: சூதாட்ட மண்டபத்தில் கர்ணன் பேசிய பேச்சுக்குக் கோபம் வந்தபோதெல்லாம் அவன் பாதங்களைப் பார்த்தால் கோபம் தணிந்துவிடும், அவை தாயின் பாதங்களைப் போல இருந்தன, ஏனென்று தெரியவில்லை. இரண்டு பேர் பிடிக்கும் திரைக்குக் கீழே முதலில் தெரிவது கால்தான். கர்ணன் பிரவேசத்தில் வைக்கும் ஓர் அடியை, சலங்கை இல்லாமல், பாதி வேகத்தில் குந்தி பிரவேசத்திலும் வைத்தால் ஒரு வசனமும் இல்லாமல் உறவு விழுந்துவிடும். பத்துப் பேர் கவனித்தால்கூடப் போதும். அவர்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லிவிடுவார்கள்.

சினிமாவுக்கு இந்தச் சங்கடம் வேறு உருவில் வந்தது. ஏற்காடு சாலையில் இருந்த சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1940-இல் எடுத்த உத்தம புத்திரனில் பி. யு. சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். ஒரே நடிகர் இருவராக வரும்போது இரட்டைப் பிள்ளை என்பதை மறைக்க வழியே இல்லை, முகமே சொல்லிவிடுகிறது. அங்கும் எஞ்சியது, திரைக்குள் இருப்பவர்களில் யார் எப்போது கண்டுபிடிப்பார்கள் என்பதுதான்.

ஏற்காடு கோடை விழா போன்ற மேடைகளில் முக்கால் மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் எதை வெட்டுவது? பொதுவாகப் பிரவேசங்களை வெட்டி, காட்சிகள் எல்லாவற்றையும் ஐந்து ஐந்து நிமிஷமாக அடுக்குகிறார்கள். குந்தி சொல்வாள், பொன்னுருவியிடம் கர்ணன் சொல்வான், களத்தில் குந்தி மறுபடி சொல்வாள். ஒரே செய்தியை மூன்று முறை அவசரமாகக் கேட்ட அலுப்புதான் மிஞ்சும். முக்கால் மணியில் ஒருவருக்குத்தான் வெளிப்பட வேண்டும். பொன்னுருவியை எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் கோமாளியின் நான்கு வரி முன்கதைக்கு விட்டுவிடுவது சரியான தேர்வு. கதை தெரியாத வெளியூர்ச் சுற்றுலாக்காரர்களும் அந்த மேடை முன்னால் இருப்பார்கள். அவர்களுக்காக ரகசியமாக வைத்துக்கொள்ளாமல் முன்கதையிலேயே சொல்லிவிட வேண்டும். தெரியாதவர்களையும் தெரிந்தவர்களாக்கினால்தான் பொன்னுருவியின் அறியாமை வேலை செய்யும்.

விடியற்காலைக் களத்துக்கு வந்தால், இரண்டு உச்சங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும் ஆபத்து. கண்ணன் பிராமணனாக வந்து கர்ணன் செய்த புண்ணியத்தையெல்லாம் தானமாக வாங்கும் கட்டம் ஒன்று. விழுந்த கர்ணனைக் குந்தி மடியில் போட்டு, அவன் கேட்டபடியே மகன் என்று சொல்லிப் பால் கொடுத்து அழும் கட்டம் இன்னொன்று. ஒன்றுக்கொன்று ஒட்டிவந்தால் முதலாவதிலேயே கர்ணனும் பாட்டுக்காரரும் தீர்ந்துபோகிறார்கள். நடுவில் கர்ணன் வேஷக்காரருக்கு வேலை இல்லாத ஐந்து நிமிஷம், பாண்டவர் பக்கத்து வெற்றிப் பாட்டு ஒன்று, வைக்க வேண்டும். வெற்றிப் பாட்டுதான் பொருத்தம். அவர்களுக்கு இன்னும் தெரியாது என்பதை அது நினைவூட்டும், ஆட ஆட ஜனத்துக்கு வயிறு எரியும். குந்தி ஓடிவரும்போது அந்தப் பாட்டு முடிந்திருக்கக் கூடாது. பாதியில் அறுபட வேண்டும். முதலில் நிறுத்த வேண்டியவர் தருமன், கடைசியில் நிறுத்த வேண்டியவர் அர்ச்சுனன். அர்ச்சுனன் வில்லைக் கீழே போடுவதா, பிடித்தபடியே நிற்பதா என்பதில் வாத்தியார்களுக்குள் இரண்டு கட்சி உண்டு. போட்டால் சத்தம் வரும், ஜனம் கண்ணைக் குந்தியிடமிருந்து அவனிடம் திருப்பும். பிடித்தபடி நிற்கட்டும், ஒப்பாரி முடிந்து கற்பூரத் தட்டு வருவதற்குள் கோமாளி வந்து கையிலிருந்து வாங்கிக்கொள்ளலாம்.